நாற்பது ஆண்டு நடை



புத்தாண்டு பிறக்கும்போது நாட்குறிப்பின் முதற்பக்கத்தில், "இனி நாள்தோறும் உடற்பயிற்சி செய்வேன்" என்று எழுதாதவர் நம்முள் மிகச் சிலரே. அந்த உறுதி பொங்கல் வரை தாங்கினால் வியப்பு. சிவராத்திரி வரை தாங்கினால் பெருவியப்பு. ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே விடையைத்தான் தருவர். மாணவன் தேர்வு வந்துவிட்டது என்பான். மருத்துவர் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்பார். அலுவலர் ஆண்டுக் கணக்கு முடியவில்லை என்பார். நேரம் இல்லை என்பதே அனைத்தின் பொருளும்.

நேரம் இல்லாத ஒருவர், நாற்பது ஆண்டுக்காலம் ஒரு பயிற்சியைக் கைவிடாமல் போற்றிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் தொழிலால் வழக்கறிஞர். உங்கள் பாடநூல்கள் எல்லாவற்றிலும் அவர் படம் இருக்கிறது. ஆயினும் அவரிடம் செல்லுமுன் எங்கள் ஊரில் சிறிது நின்று செல்ல வேண்டியிருக்கிறது. அவர் வரலாற்றின் அருமை எனக்கு விளங்கியது இந்த ஊரில் நான் செய்த ஒரு பிழையினால்தான்.

எங்கள் ஊர் குலசேகரன்பட்டினம். முத்தாரம்மன் கோவில் தசராவினால் அதன் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பின்னர் செய்தித்தாள்களிலும் கண்டிருப்பீர்கள். கிழக்கே கடல், மேற்கே தேரி எனப்படும் செம்மணற் காடு, இரண்டுக்கும் நடுவே பனைமரங்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையொன்று இங்கே இருந்தது. அதனைச் சார்ந்து திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு சிறு ரயிலும் 1940 வரை ஓடிற்று. ஆலைக்கு வெல்லம் தந்தவர்கள் பனையேறிகள். என் தந்தையாரின் முன்னோர் அத்தொழிலினர்; என் தந்தையாரும் அத்தொழிலினரே.

ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்கள் ஏறுவார். அதுவும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். சிறுவனாக இருந்தபோது, "ஒருநாள் ஏறாவிட்டால் என்ன அப்பா?" என்று கேட்டிருக்கிறேன். "ஒருநாள் விட்டால் பாளை சுணங்கும், நாலு நாள் விட்டால் வாயை மூடிக்கொள்ளும், மக்கா. அதற்காக ஒரேயடியாக ஆழச் சீவினாலும் பாளைதான் வீண்" என்றார். அன்று அதனைத் தொழில் நுணுக்கமாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கடற்பக்கத்திலும் இதே நிலைதான். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதுவரை குளியாளிகள் கல்லைக் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி திரட்டினர். உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரினோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். இவர்களிடம் சென்று உடற்பயிற்சியின் பெருமையைப் பேசினால் சிரிப்பார்கள். அவர்களுக்கு வேலையே பயிற்சி. அந்த உழைப்பை நான் பொற்காலமாகப் புனைந்துரைக்க விரும்பவில்லை. பனையிலிருந்து விழுந்து முடமானவர்களை நான் அறிவேன். குளியாளிகளின் காதுகள் பட்ட துன்பத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அத்துன்பத்திலிருந்து மீட்கத்தான் எங்கள் பெற்றோர் எங்களைப் பள்ளிக்கு அனுப்பினர். கல்வி எங்களை மரத்திலிருந்து இறக்கி நாற்காலியில் அமர்த்தியது. நாற்காலியில் அமர்ந்த உடல் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

நாற்காலி பெருகிய பிறகே உடற்பயிற்சி என்பது தனியாகச் செய்யவேண்டிய ஒரு காரியமாயிற்று. பிரஷ்ய நாட்டில் பிறந்த யூஜீன் சாண்டோ என்னும் வலியர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவெங்கும் காட்சி நடத்தினார். உடல் வலியவர்களைச் 'சாண்டோ' என்று அழைக்கும் வழக்கம் தமிழிலேயே உண்டாகிவிட்டது. படமுதலாளி சின்னப்பா தேவருக்கும் அப்பட்டம் ஒட்டிக்கொண்டது. அதே 1904இல் டென்மார்க் நாட்டு முல்லர் என்பவர், நாளுக்குப் பதினைந்தே நிமிடத்தில் செய்து முடிக்கும் பயிற்சி முறையை நூலாக வெளியிட்டார். அலுவலகம் செல்வோரிடையே அந்நூல் பல மொழிகளிலும் பரவிற்று. மராட்டியப் பகுதியில் ஔந்து என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் சாண்டோவின் கருவிகளை வரவழைத்துப் பத்தாண்டு பயின்றார். பிறகு கருவி எதுவும் வேண்டாத சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, அதனைத் தம் வாழ்நாள் வழக்கமாக்கிக்கொண்டார். சென்னையில் 1920இல் எச். சி. பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளிகளுக்கு முறையாகப் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் வரத்தொடங்கியது அதன் பின்னரே.

இவையெல்லாம் ஆர்வத்தினால் எழுந்தவை. சான்று பின்னால் வந்தது. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே வேளையில், ஒத்த குடும்பச் சூழலிலிருந்து வந்து பணி செய்தனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாளுக்குச் சில நூறு படிகள் ஏறி இறங்குவார். ஜெரிமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட போக்குவரத்துப் பணியாளரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, நடத்துநரைவிட ஓட்டுநர்க்கே இதயநோய் மிகுதி என்று 1953இல் வெளியிட்டனர். மிதிவண்டியிலும் நடந்தும் கடிதம் கொடுத்த அஞ்சற்காரரை, மேசையில் அமர்ந்த அஞ்சல் அலுவலரோடு ஒப்பிட்டபோதும் அதே முடிவு கிடைத்தது. படியேறுவது நடத்துநருக்கு உடற்பயிற்சி அன்று. சீட்டுக் கொடுக்கும் வேலை. அந்த வேலையே அவரைக் காத்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் மீண்டும் பயன்படும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பாடவேளை கால அட்டவணையில் இருந்தது, மைதானத்தில் இல்லை. ஆடி பிறந்தவுடன் அந்த வேளையைக் கணக்கு ஆசிரியருக்கும் அறிவியல் ஆசிரியருக்கும் பங்கிட்டுக் கொடுத்தவன் நான். உடற்கல்வி ஆசிரியர் என் அறைக்கு வந்து இருமுறை முறையிட்டார். "தேர்வு முடியட்டும் பார்க்கலாம்" என்றேன். பெற்றோர் என்னைப் பாராட்டினர். தேர்ச்சி வீதம் நன்றாக இருந்தது. என் உடலையும் அதே முறையில்தான் நடத்தினேன். நாற்பத்தாறாம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை கண்டது. மருத்துவர் நடக்கச் சொன்னார். காலணி வாங்கினேன், ஒரு திங்கள் நடந்தேன், ஆய்வு அலுவலர் வருகை என்று நிறுத்தினேன். பின்னர் ஓர் உடற்பயிற்சி மிதிவண்டி வாங்கி வீட்டில் வைத்தேன். அடுத்த ஆண்டு அதன்மேல் துணி உலர்ந்தது.

ஓய்வு பெறுவதற்கு ஐந்தாண்டுக்கு முன், பழைய மாணவர் ஒருவர் தசராவுக்கு ஊர் வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் பணி. பள்ளியில் நன்றாகக் கபடி ஆடியவர். வயது முப்பத்தொன்று, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணத் தொடங்கியிருந்தார். "ஏனப்பா, சிறிது நடக்கக்கூடாதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, குற்றம் சாட்டும் எண்ணம் சிறிதும் இல்லாமல், "பரீட்சை வந்தால் விளையாட்டை நிறுத்தவேண்டும் என்று நீங்கள்தான் சார் பழக்கினீர்கள். அங்கே எங்களுக்குத் தினமும் பரீட்சைதான்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. விளையாட்டு வேளையையும் ஒரு தலைமையாசிரியரையும் பற்றி எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. எழுந்து அலமாரியிலிருந்து காந்தியடிகளின் சத்திய சோதனையை எடுத்தேன்.

காந்தியடிகள் ராஜ்கோட் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில் அங்கே தொராப்ஜி எதுல்ஜி கிமி என்பவர் தலைமையாசிரியர். மேல் வகுப்பு மாணவர்க்கு உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் கட்டாயமாக்கியவர் அவர். மாணவர் மோகன்தாசுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஒன்று, அவருடைய கூச்சம். மற்றொன்று, பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு ஓடி நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்யவேண்டும் என்னும் ஆசை. விலக்குக் கேட்டார், தலைமையாசிரியர் மறுத்தார். ஒரு சனிக்கிழமை மேகமூட்டத்தில் நேரம் தெரியாமல் தாமதமாகச் சென்றார். சொன்ன காரணத்தைத் தலைமையாசிரியர் நம்பாமல் அபராதம் விதித்தார். பொய்யன் என்று கருதப்பட்டதற்காக மாணவர் அழுதார். கடைசியில் தந்தையே கடிதம் எழுதி விலக்குப் பெற்றுத் தந்தார். படிப்புக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பில்லை என்று தாம் அன்று எண்ணியது தவறு என்றும், கல்வியில் மனப்பயிற்சிக்கு உள்ள இடம் உடற்பயிற்சிக்கும் வேண்டும் என்றும் அவர் பின்னாளில் எழுதினார். மாணவர் தவிர்க்க முயன்றதைக் கிமி விடாமல் நடத்தினார். மாணவர் விரும்பியதை நான் பறித்தேன். வேறுபாடு எனக்கு உறைத்தது.

ஆயினும் அந்தக் கூச்சமுள்ள மாணவர் ஒன்றைச் செய்தார். திறந்த வெளியில் நெடுந்தூரம் நடப்பது நல்லது என்று ஒரு நூலில் படித்து, பள்ளி நாளிலேயே நடக்கப் பழகிக்கொண்டார். பின்னர் 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்றபோது கையில் பணம் குறைவு. ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததை விட்டு, செல்லவேண்டிய இடத்துக்கு அரைமணி நேரத்தில் நடந்துபோகக்கூடிய இடமாகப் பார்த்து அறை எடுத்தார். வண்டிக்கூலி மிச்சமாயிற்று, நாளுக்கு எட்டு முதல் பத்து மைல் நடையும் கிடைத்தது. இங்கிலாந்தில் தம்மை நோயணுகாமல் காத்தது அந்த நடையே என்று அவர் எழுதியிருக்கிறார். இங்கே நுட்பமான ஒன்றைக் கவனியுங்கள். அவர் நடப்பதற்கென்று நேரம் தேடவில்லை. நடந்தே தீரவேண்டிய இடத்தில் வீட்டை அமைத்துக்கொண்டார்.

இனித் தென்னாப்பிரிக்கா. ஜோகன்னஸ்பர்க்கில் அவர் தொழில் மிக உயர்ந்த காலம் அது. வழக்குகள் ஒருபுறம், இந்தியர் உரிமைப் போராட்டம் ஒருபுறம், 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் மற்றொருபுறம். இவரைவிட ஓய்வில்லாத வழக்கறிஞரை நாம் காட்ட இயலாது. அவர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வர ஏறத்தாழ ஐந்து மைல். அத்தொலைவைத் தம் பிள்ளைகளோடு நடந்தே சென்று நடந்தே திரும்பினார். வழிநெடுகப் பேசிக்கொண்டே செல்வார்; அதுவே பிள்ளைகளுக்குப் பாடம். பயணமும் கல்வியும் பயிற்சியும் ஒரே நேரத்தில் முடிந்தன.

வீட்டிலும் அவ்வாறே. கடை மாவை நிறுத்திக் கையால் அரைக்கும் இரும்புத் திரிகை ஒன்று வாங்கினார். ஒருவர் சுற்ற முடியாத கனம் அது. அவரும் நண்பர் போலக்கும் பிள்ளைகளும் காலையில் சேர்ந்து சுற்றுவார்கள். ரொட்டிக்கு மாவும் ஆயிற்று, கைக்கும் மார்புக்கும் பயிற்சியும் ஆயிற்று. கீதையை மனப்பாடம் செய்ய அவர் கண்ட வழியும் இத்தகையதே. காலையில் பல் துலக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். எதிரே சுவரில் சுலோகம் எழுதிய தாள்களை ஒட்டிவைத்து, துலக்கிக்கொண்டே படித்து, பதின்மூன்று அத்தியாயங்களை உள்ளத்தில் ஏற்றினார். ஏற்கெனவே நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு புதிய காரியத்தைக் கட்டிவிடுவது அவர் முறை. பழையது நிற்காதவரை புதியதும் நிற்காது.

1910இல் ஹெர்மான் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலத்தை வாங்கிச் சத்தியாக்கிரகிகளின் பயன்பாட்டுக்குத் தந்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். கேம்பிரிட்ஜில் பயின்ற பாரிஸ்டர் ஜோசப் ராயப்பனும் அங்கே தங்கியவரே. பண்ணையின் பொதுவேலையாக நகருக்குப் போவோர் மட்டும் ரயிலில், அதுவும் மூன்றாம் வகுப்பில், செல்லலாம். சொந்த விருப்பத்துக்காகப் போவோர் நடக்கவேண்டும் என்பது விதி. அதிகாலையில் புறப்பட்டால் ஆறேழு மணி நேரத்தில் நகரை அடையலாம். கட்டுச்சோற்றோடு கூட்டமாக நடந்தார்கள்.

இந்த நடை ஒருநாளும் அறுபடவில்லை என்று சொன்னால் வரலாற்றுக்கு மாறாகும். 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க நாளுக்கு இருபது மைல் வரை நடந்த காந்தியடிகள், அதன் முடிவில் கடும் வயிற்றுக்கடுப்பால் படுத்தார். பிழைப்போம் என்ற நம்பிக்கையையே இழந்தார். 1924 ஜனவரியில், எரவாடாச் சிறையில் இருந்தபோது, குடல்வால் அழற்சிக்காகப் புனாவில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். 1940இல் அவருடைய இரத்த அழுத்தம் 220க்கு 110 என்று பதிவாகியிருக்கிறது. நடப்பவருக்கு நோயே வராது என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. அவர் வாழ்வும் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்க முடிந்தவுடன் நடையைத் திரும்பத் தொடங்கினார் என்பதே அவர் வாழ்வு சொல்வது. அறுவைக்குப் பின் ஜூகூ கடற்கரையில் தங்கி உடல் தேறியவர், ஆறே ஆண்டுகளில் செய்த காரியம் உலகம் அறிந்தது.

1930 மார்ச்சு 12ஆம் நாள், சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களோடு அவர் புறப்பட்டார். தண்டி 241 மைல். வயது அறுபது, உடன் சென்றோரில் பெரும்பாலோர் இளைஞர், அவரினும் மூத்தவர் இல்லை. தேவைப்பட்டால் ஏறிக்கொள்ள ஒரு குதிரையும் கூட வந்தது. அவர் அதனை நாடவில்லை. இளைஞர்கள் சிலர் காலில் கொப்புளமும் காய்ச்சலுமாகத் துவண்டனர். முதியவர் முன்னே நடந்தார். தங்குமிடம் சேர்ந்ததும் கூட்டத்தில் பேசினார், நூல் நூற்றார், கடிதங்களுக்கு விடை எழுதினார். ஏப்ரல் 5ஆம் நாள் கடலை அடைந்து மறுநாள் உப்பை எடுத்தார்.

அந்த யாத்திரை 24 நாளில் நடந்தது என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். நான் அதனை இப்போது வேறு விதமாகச் சொல்வேன். அது நாற்பது ஆண்டு நடந்த யாத்திரை. லண்டனில் வண்டிக்கூலியை மிச்சம் பிடித்த நாளில் அது தொடங்கிற்று; ஜோகன்னஸ்பர்க் தெருவில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே தொடர்ந்தது. அந்த நாட்களில் அவருக்குத் தண்டி என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திராது. எதற்காகப் பயன்படும் என்று தெரியாமலே சேர்த்துவைத்த வலிமை, நாடு கேட்ட நாளில் கையில் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் சேலத்து வழக்கறிஞர் இராசகோபாலாச்சாரியார், தம் ஐம்பத்தோராம் வயதில், ஏறத்தாழ நூறு தொண்டரோடு திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குச் சுமார் 150 மைல் நடந்தார். உப்பளங்களுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இந்த இரு நடைகளும் ஊர்க்கதை போல நெருக்கமானவை. 1942இல் எங்கள் ஊர் உப்புக் கிடங்கிலும் விடுதலைப் போரின் தீ பற்றியது.

அவர் நடை தண்டியோடு முடியவில்லை. 1947இன் தொடக்கத்தில், 77 வயதில், நவகாளியில் கலவரத்தால் பிளவுண்ட மக்களிடையே ஊர் ஊராக வெறுங்காலோடு நடந்தார். ஏழு வாரங்களில் 47 ஊர்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு, நான் எங்கே தவறினேன் என்பது தெரிந்தது. பயிற்சியை வேலைக்கு வெளியே ஒரு மூலையில் வைத்தேன். வேலை பெருகியதும் மூலை மறைந்தது. லண்டன் நடத்துநருக்குப் படி எப்படியோ, காந்தியடிகளுக்கு அலுவலக வழி எப்படியோ, அப்படி என் நாளோடு பிணைந்த ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. என் வீட்டிலிருந்து பள்ளி மூன்று கிலோமீட்டர்; இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் போய்வந்தேன். அடுத்த திங்கட்கிழமை வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தேன். முதல் வாரம் வழியில் கண்டவரெல்லாம், "வண்டி பழுதா சார்?" என்று கேட்டு ஏற்றிக்கொள்ள முன்வந்தனர். இரண்டாம் வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து வரும் மாணவர் நால்வர் என்னோடு நடந்தனர். ஆடி வந்தது, விளையாட்டு வேளையைக் கணக்குக்குக் கேட்டார்கள். தரவில்லை. தேர்ச்சி வீதம் அதனால் குறையவில்லை. கூடிற்று என்றும் பெருமை பேசமாட்டேன்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்று பின்னர் என் கண்ணில் பட்டது. 96 பேரிடம், காலை உணவு போன்ற ஓர் அன்றாட நிகழ்ச்சியோடு சேர்த்து ஒரு புதிய வழக்கத்தைப் பழகுமாறு சொன்னார்கள். அது இயல்பாகிவிட ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடு அளவு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியதால் வழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அவர்கள் கண்டது. எங்கள் ஊர்த் தசராவுக்கு மாலையணிந்து 41 நாளும் 48 நாளும் விரதம் காப்போரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அந்த நாட்களில் வைகறை எழுவது அவர்களுக்குப் பாரமாக இருப்பதில்லை. மாலையைக் கழற்றிய பிறகு பழைய உறக்கத்துக்குத் திரும்புவோரும் உண்டு. நேரத்தே எழும் வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டோரும் உண்டு. ஒரு மண்டலம் என்பது நல்ல தொடக்கம். முடிவாக அதனைக் கொள்ளவேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். பள்ளிச் சிறுவர்க்கு நாளுக்குச் சராசரி ஒரு மணி நேரம் வேண்டும். கல்லூரி மாணவர் இதனைப் பெரிய கணக்காக எண்ணவேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். விடுதிக்கும் வகுப்புக்கும், பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே அந்த அரைமணி பெரும்பாலும் ஒளிந்திருக்கும். பள்ளி மாணவர்க்கு நான் சொல்வது வேறு: உங்கள் விளையாட்டு வேளையை யாரேனும் கேட்டால், பணிவாக, ஆனால் உறுதியாக, தலைமையாசிரியரிடம் சென்று முறையிடுங்கள். அவர் என்னைப் போன்றவராக இருந்தால் இரண்டாம் முறையும் செல்லுங்கள்.

பெங்களூர் மாணவர் இப்போதும் தசராவுக்கு வருகிறார். அலுவலகத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடக்கிறாராம். "மூன்று முறை விட்டுவிட்டேன் சார்" என்று சென்ற ஆண்டு வருத்தத்தோடு சொன்னார். "அப்படியானால் நான்கு முறை தொடங்கியிருக்கிறாய்" என்றேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நடந்து செல்லப் பள்ளி இல்லை. ஆகவே காலையில் பால் வாங்கும் பொறுப்பை வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அருகில் கடை உண்டு. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பால்மாட்டுக்காரரிடம் வாங்குகிறேன். மழை நாளில் சலிப்புத் தோன்றும். அப்போது தேரிப் பக்கம் நிற்கும் பனைகளைப் பார்த்துக்கொள்வேன். என் தந்தையார் ஒருநாளும் ஆழச் சீவியதில்லை. ஒருநாளும் சீவாமல் விட்டதுமில்லை. மெல்லிய ஒரு சீவல்; மறுநாள் மற்றொன்று. கலயம் நிறைந்தது அப்படித்தான்.